அன்று எல்லாமே சரி என்று தோன்றியது, இன்று எதுவுமே சரியில்லை என்று தோன்றுகிறது: தொழில் நடத்துபவர்கள் சொல்லுங்கள்

#1 தையல்முனை (ஞாயிறு, இரவு 10.40)

வணக்கம். ஆறு வருடமாகப் பை தைக்கும் பட்டறை நடத்துகிறேன். என்னோடு சேர்த்துப் பன்னிரண்டு பேர். நிறுவனங்கள் கேட்கும் பைகளை அவர்கள் சொல்லும் அளவுக்குத் தைத்துக் கொடுப்பதுதான் எங்கள் பிழைப்பு. போன வருடம் சொந்தமாக ஒரு மடிக்கணினிப் பை கொண்டுவரலாம் என்று இறங்கினேன். மூன்று பக்கமும் திறக்கும் ஜிப், உள்ளே கழற்றி மாட்டக்கூடிய அறைகள். வடிவமைப்பு முழுக்க என்னுடையது.

சாம்பிள் தைத்துப் பதினெட்டுப் பேரிடம் காட்டினேன். பதினேழு பேர் பிரமாதம் என்றார்கள். 500 பை தைத்தோம். எட்டு மாதத்தில் விற்றது 140. அதிலும் 23 திரும்பி வந்துவிட்டன. மீதி அலமாரியில் அடுக்கியிருக்கிறது. தினமும் காலையில் அதைத் தாண்டித்தான் என் மேசைக்குப் போக வேண்டும்.

நஷ்டத்தை எப்படியோ சமாளித்துவிட்டோம், பழைய ஆர்டர்கள் கைகொடுத்தன. என் பிரச்சினை அதற்குப் பிறகு வந்ததுதான். ஜிப் கொடுப்பவரை மாற்ற வேண்டும், மூன்று வாரமாக யோசித்துக்கொண்டே இருக்கிறேன். ஒரு நிறுவனம் பெரிய ஆர்டருக்கு விலை கேட்டிருக்கிறது. பதிலை எழுதுகிறேன், அழிக்கிறேன், மறுபடி எழுதுகிறேன். கட்டிங் மாஸ்டர் நேற்று வந்து, "என்ன சார், கேட்டா ரெண்டு நிமிஷத்துல சொல்வீங்க, இப்ப ரெண்டு நாள் ஆகுது" என்றார். அவர் குறையாகச் சொல்லவில்லை, அக்கறையாகத்தான் கேட்டார். அதுதான் இன்னும் வலித்தது.

அன்று எனக்குக் கண் தெரியவில்லை. இன்று கண்ணில் படுவதை நம்ப முடியவில்லை. இதிலிருந்து மீண்டு வந்தவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள்.

#2 எதிர்க்காற்று (ஞாயிறு, இரவு 11.15)

முதலில் ஒன்று சொல்கிறேன் நண்பரே. சொந்தமாக ஒரு பொருளைக் கொண்டுவரத் துணிந்தீர்கள், அது சாதாரண விஷயம் இல்லை. முதல் பொருள் அடிவாங்குவது தொழிலில் நடப்பதுதான். ரொம்பத் தோண்டாதீர்கள். அந்த ஆர்டருக்கு நாளைக்கே விலை அனுப்பிவிடுங்கள். கை வேலையில் இறங்கினால் மனசு தானாகப் பின்னால் வரும்.

#3 பழைய_பேரேடு (திங்கள், காலை 6.05)

தணிக்கை வேலையில் முப்பது வருடம் இருந்தவன் நான், இப்போது ஓய்வு. ஆறுதல் சொல்லும் முன் நாலு கேள்வி கேட்கிறேன், தப்பாக நினைக்காதீர்கள்.

அந்தப் பதினெட்டுப் பேர் யார் யார்? அவர்களிடம் என்ன கேட்டீர்கள், அதே வார்த்தைகளில் சொல்லுங்கள். பதினெட்டாவது ஆள் என்ன சொன்னார்? திரும்பி வந்த பைகளோடு என்ன எழுதி வந்தது? முடிந்தால் ஒன்றை அப்படியே இங்கே போடுங்கள், சுருக்கவோ திருத்தவோ வேண்டாம்.

#4 தையல்முனை (திங்கள், இரவு 9.50)

ஐயா, உங்கள் கேள்விகளுக்குப் பதில் எழுத உட்கார்ந்தபோதே பாதி புரிந்துவிட்டது.

பதினெட்டில் ஒன்பது பேர் நண்பர்களும் சொந்தக்காரர்களும். ஐந்து பேர் என் பட்டறை ஆட்கள். நான்கு பேர் ரொம்ப நாள் வாடிக்கையாளர்கள். கேட்டது இதுதான்: "நல்லா வந்திருக்கு இல்ல?"

பதினெட்டாவது ஆள் எங்கள் மூத்த தையல்காரம்மா. பையைக் கையில் வாங்கி ஒருமுறை ஜிப்பை ஓட்டிப் பார்த்தார். "மூலையில ரன்னர் திரும்பாது சார்" என்றார். புது ஜிப் அப்படித்தான் இருக்கும், ஓட ஓடச் சரியாகிவிடும் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அவர் அதற்குப் பிறகு பேசவில்லை.

பையைத் திருப்பி அனுப்பிய ஒருவர் எழுதியதை அப்படியே கீழே போடுகிறேன்:

"பை பார்க்க ரொம்பப் பிடித்தது. துணி, தையல் எல்லாம் அருமை. ஆனால் மூலையில் ஜிப் மாட்டிக்கொள்கிறது, ஒரு கையால் திறக்க முடியவில்லை. அறைகளைக் கழற்றும் வசதி எனக்குத் தேவைப்படவே இல்லை."

இது வந்த அன்று முதல் இரண்டு வாக்கியத்தை மட்டும் நகலெடுத்து எங்கள் பட்டறை குழுவில் போட்டேன். பையைத் திருப்பி அனுப்பியவரின் கடிதத்தைப் பாராட்டுக் கடிதமாக்கிப் போட்டிருக்கிறேன்! அது பொய் என்று அன்று எனக்குத் தோன்றவே இல்லை. இப்போது அதே செய்தியை எடுத்தால் மூன்றாவது வாக்கியம் மட்டும்தான் கண்ணில் படுகிறது. துணியும் தையலும் அருமை என்று அவர் எழுதியிருப்பதை இன்று இங்கே தட்டச்சு செய்யும்போதுதான் மறுபடி கவனித்தேன்.

#5 வெண்கட்டி (செவ்வாய், மாலை 4.30)

உளவியல் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியை நான். உங்கள் நான்காவது பதிவை மூன்று முறை படித்தேன். உங்களுக்கு இரண்டு பிரச்சினை இருப்பதாக நினைக்கிறீர்கள். ஒன்றுதான் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது.

1960இல் பீட்டர் வேசன் என்ற உளவியலாளர் ஒரு சோதனையை வெளியிட்டார். 2, 4, 6 என்று மூன்று எண்களைக் கொடுப்பார். இதற்குப் பின்னால் ஒரு விதி இருக்கிறது, நீங்களும் மும்மூன்று எண்களாகச் சொல்லுங்கள், விதிக்குப் பொருந்துகிறதா இல்லையா என்று சொல்கிறேன், விதி உறுதியாகத் தெரிந்ததும் அறிவியுங்கள் என்பார். பலரும் இரண்டிரண்டாகக் கூடுகிறது என்று நினைத்துக்கொண்டு 8, 10, 12 என்று கேட்பார்கள். பொருந்தும். 20, 22, 24. அதுவும் பொருந்தும். உடனே விதியை அறிவிப்பார்கள். தவறு. உண்மையான விதி, ஏறுவரிசையில் உள்ள எந்த மூன்று எண்களும் என்பதுதான். 29 பேரில் தவறான விதி எதையும் அறிவிக்காமல் சரியான விடைக்கு வந்தவர்கள் 6 பேர்.

இதில் ஒருவர்கூட முட்டாள் இல்லை. கேட்ட கேள்விக்கெல்லாம் "ஆம்" என்று பதில் வந்தது, ஆனால் அந்த ஆம்களிலிருந்து எதுவும் தெரிந்துகொள்ள வழியில்லை. 1, 2, 3 என்று ஒருவர் கேட்டிருந்தால் அவர் நினைத்த விதி அங்கேயே உடைந்திருக்கும். உங்கள் பதினேழு "பிரமாதம்" எல்லாம் 8, 10, 12 வகை. தையல்காரம்மா சொன்னது ஒன்றுதான் 1, 2, 3.

இதைத்தான் உறுதிப்படுத்தல் சார்பு என்கிறோம். நினைத்ததற்குச் சாதகமானதைத் தேடுவது, கிடைத்ததை அதற்கு ஏற்றபடி படிப்பது, அதையே ஞாபகம் வைத்திருப்பது. "நினைத்ததற்கு" என்ற சொல்லைக் கவனியுங்கள், "விரும்பியதற்கு" என்று நான் எழுதவில்லை. அன்று நீங்கள் நினைத்தது "என் பை நல்ல பை". இன்று நினைப்பது "என் முடிவெல்லாம் தப்பு". அன்று முதல் பாதியைப் படித்த அதே கண்தான் இன்று இரண்டாம் பாதியைப் படிக்கிறது. பிரமை போய்த் தெளிவு வந்துவிட்டது என்று நினைத்திருப்பீர்கள். வேறொரு முடிவுக்கு வந்துவிட்டு அதற்கு ஆதாரம் சேர்க்கிறீர்கள், அவ்வளவுதான்.

#6 அச்சுமை (செவ்வாய், இரவு 8.20)

வெண்கட்டி அக்கா எழுதியதை அப்படியே ஆமோதிக்கிறேன். நான் இரண்டாவது பாதியிலேயே பத்து வருடம் இருந்தவள்.

அப்பா நடத்திய அச்சகம் என் கைக்கு வந்தது. நல்ல ஆர்டர் வந்தால் அப்பாவின் பெயருக்கு வந்தது என்பேன். ஒரு வேலை கெட்டால் அது நான் செய்தது. இப்படிக் கணக்கு எழுதினால் என் பக்கத்தில் கடன் மட்டும்தானே மிஞ்சும்? 1978இல் பாலின் கிளான்ஸ், சுசான் ஐம்ஸ் என்ற இரண்டு உளவியலாளர்கள், படிப்பிலும் தொழிலிலும் நன்றாக வந்த பெண்களைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். சாதித்ததற்கு எல்லா அத்தாட்சியும் இருந்தும், ஏதோ அதிர்ஷ்டம், யாரோ தவறாகக் கணித்துவிட்டார்கள், ஒருநாள் பிடிபடுவோம் என்றே அந்தப் பெண்கள் நினைத்தார்களாம். இன்று இம்போஸ்டர் சிண்ட்ரோம் என்று எல்லோரும் சொல்வது அங்கிருந்து வந்ததுதான். அதைப் படித்த அன்று அழுதேன்.

ஆனால் அழுததால் ஒன்றும் மாறவில்லை. மாற்றியது ஒரு நோட்டு. ஒவ்வொரு பெரிய முடிவுக்கும் முன்னால் தேதி போட்டு, என்ன நடக்கும் என்று நினைக்கிறேன், ஏன் அப்படி நினைக்கிறேன் என்று மூன்று நாலு வரி எழுத ஆரம்பித்தேன். ஆறு மாதம் கழித்துத் திருப்பிப் பார்த்தால், காகிதம் எப்போது வாங்குவது, எந்த வேலைக்கு எந்த இயந்திரம், எவ்வளவு நாளாகும் என்பதிலெல்லாம் பெரும்பாலும் சரியாகக் கணித்திருந்தேன். யார் சொன்ன தேதியில் பணம் தருவார்கள் என்பதில் மட்டும் திரும்பத் திரும்பத் தப்பு. முகத்தைப் பார்த்து நம்பிவிடுகிறேன், அதுதான் என் பலவீனம். இப்போது கடன் கொடுக்கும் விஷயத்தை மட்டும் என் அக்காவிடம் விட்டுவிட்டேன். மற்றதை நானே முடிவு செய்கிறேன்.

"நான் சரியில்லை" என்பதை வைத்துக்கொண்டு எதையும் செய்ய முடியாது. "பண விஷயத்தில் ஆளை எடைபோடத் தெரியவில்லை" என்றால் அதற்கு ஒரு வழி பண்ணலாம்.

அண்ணா, அந்த 500ஐ வைத்து உங்களை மொத்தமாக எடைபோடாதீர்கள். துணி தேர்வு உங்களுடையதுதானே? தையல் தரம்?

#7 எதிர்க்காற்று (புதன், காலை 7.30)

நான் ஒத்துப்போகவில்லை, காரணத்தையும் சொல்கிறேன்.

சிறு மென்பொருள் நிறுவனம் வைத்திருந்தேன். "வைத்திருந்தேன்". விமரிசனத்தைக் கேட்க வேண்டும், எதிர்க்கருத்தைத் தேட வேண்டும் என்று எல்லோரும் சொன்னதை வேதமாக எடுத்துக்கொண்டவன். ஒருவர் பொத்தான் சிறியது என்பார், மாற்றுவேன். இன்னொருவர் அறிக்கை வேறு மாதிரி வேண்டும் என்பார், மாற்றுவேன். இரண்டு வருடத்தில் எங்கள் மென்பொருள் யாருக்காக என்று எங்களுக்கே தெரியவில்லை. கூட வேலை பார்த்தவர்கள் ஒவ்வொருவராகப் போனார்கள். கடைசியில் மூடினேன். எதிர்க்கருத்து கேட்காததால் மூடியதில்லை அது.

இன்னொன்று. 1988இல் வெளியான ஓர் ஆய்வில் 2,994 தொழில்முனைவோரிடம் வெற்றி வாய்ப்பு எவ்வளவு என்று கேட்டார்கள். 81 சதவீதம் பேர் பத்துக்கு ஏழு அல்லது அதற்கு மேல் என்றார்கள். மூன்றில் ஒருவர் பத்துக்குப் பத்து என்றார். அளவு மீறிய நம்பிக்கைதான், தெரியும். ஆனால் அது இல்லையென்றால் அதில் எத்தனை பேர் தொடங்கியே இருப்பார்கள்? தையல்முனைக்கு இப்போது இன்னொரு பூதக்கண்ணாடி வேண்டாம். ஏற்கெனவே அதைப் பிடித்துக்கொண்டுதான் மூன்று வாரமாக ஜிப்பைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

#8 பழைய_பேரேடு (புதன், மதியம் 2.10)

எதிர்க்காற்று தம்பி, நிறுவனத்தை மூடியதை இவ்வளவு வெளிப்படையாக எழுதியதற்கு நன்றி. நீங்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் நீங்கள் விமரிசனம் கேட்டதாகச் சொல்வதை நான் வேறு மாதிரி பார்க்கிறேன். வந்த ஒவ்வொரு குறையையும் சோதிக்காமல் ஏற்றுக்கொண்டிருக்கிறீர்கள். தையல்முனை பாராட்டைச் சோதிக்காமல் ஏற்றார், நீங்கள் குறையைச் சோதிக்காமல் ஏற்றீர்கள்.

"தேரான் தெளிவும் தெளிந்தான்கண் ஐயுறவும் தீரா இடும்பை தரும்" என்று குறள் 510. ஆராயாமல் நம்புவது, ஆராய்ந்து தெளிந்த பிறகு சந்தேகப்படுவது, இரண்டுமே தீராத துன்பம். அந்த அதிகாரம் வேலைக்கு ஆள் எடுப்பதைப் பற்றியது. என்றாலும் தையல்முனையின் போன வருடமும் இந்த வருடமும் அந்த இரண்டு அடியில் அடங்கிவிடுகின்றன.

அதனால் சந்தேகத்துக்கு ஓர் இடமும் நேரமும் ஒதுக்குங்கள். முடிவுக்கு முன்னால் வையுங்கள். கேரி க்ளைன் என்பவர் 2007இல் ஒரு முறையை எழுதினார். வேலை தொடங்கும் முன் எல்லோரையும் உட்கார வைத்து, "ஒரு வருடம் ஆகிவிட்டது, இது படுதோல்வி. என்ன நடந்தது? எழுதுங்கள்" என்பது. "ஏதாவது தப்பு இருக்கா?" என்று முதலாளி கேட்டால் யாரும் வாயைத் திறக்கமாட்டார்கள். தோற்றதாகவே வைத்துக்கொண்டால் குறை சொல்வது விசுவாசமின்மை ஆகாது. உங்கள் தையல்காரம்மாவுக்கு அப்படி ஒரு நாற்காலி கிடைத்திருந்தால்?

#9 வெண்கட்டி (புதன், இரவு 9.00)

இதோடு ஒன்று சேர்க்கிறேன், ஏனென்றால் "இனி பாரபட்சம் இல்லாமல் பார்க்கிறேன்" என்று தையல்முனை தீர்மானம் எடுத்துவிடுவார் என்று பயமாக இருக்கிறது. அது உதவாது. 1984இல் லார்ட், லெப்பர், பிரெஸ்டன் என்ற மூன்று உளவியலாளர்கள், சிலருக்கு ஆய்வுகளைப் படிக்கக் கொடுத்து இதைச் சோதித்தார்கள். நடுநிலையோடு பாருங்கள் என்று சொல்லப்பட்டவர்களிடம் மாற்றம் ஏற்படவில்லை. இதே ஆய்வு எதிரான முடிவைக் கொடுத்திருந்தால் இதே அளவுக்கு ஏற்றிருப்பீர்களா என்று யோசிக்கச் சொல்லப்பட்டவர்களிடம் சார்பு குறைந்தது. மனதுக்கு உபதேசம் போதாது, செய்வதற்கு ஒரு வேலை கொடுக்க வேண்டும்.

உங்களுக்கு இந்த வேலை இரண்டு பக்கமும் பொருந்தும். பாராட்டு வந்தால்: இவரே குறை சொல்லியிருந்தால் நம்பியிருப்பேனா? குறை வந்தால்: இவரே பாராட்டியிருந்தால் இவ்வளவு நேரம் யோசித்திருப்பேனா?

சார்லஸ் டார்வின் தன் சுயசரிதையில் ஒரு பழக்கத்தைச் சொல்கிறார். தன் முடிவுகளுக்கு எதிரான தகவல் கண்ணில் பட்டால் உடனே எழுதி வைத்துவிடுவாராம், சாதகமானவற்றைவிட அவைதான் சீக்கிரம் மறந்துபோகின்றன என்று. தையல்முனை இப்போது டார்வினுக்கு நேர் எதிர் நிலையில் இருக்கிறார். அவருக்கு மறந்துபோவது நல்ல தகவல்கள். அவற்றையும் எழுதி வைக்க வேண்டும், பெருமைக்காக இல்லை, கணக்கு சரியாக இருப்பதற்காக.

#10 பழைய_பேரேடு (வியாழன், காலை 6.20)

கடைசியாக ஒரு வேலை. இனி யாரிடமும் "எப்படி இருக்கு?" என்று கேட்காதீர்கள். உங்களைத் தெரியாத பத்துப் பன்னிரண்டு பேரிடம் பையைக் கொடுங்கள். ஒரு கையில் போனைப் பிடித்துக்கொண்டு, உள்ளே இருக்கும் சார்ஜரை எடுக்கச் சொல்லுங்கள். நீங்கள் எதுவும் பேசக்கூடாது. விரல் எங்கே நிற்கிறது என்று மட்டும் பாருங்கள்.

போவதற்கு முன்னாலேயே எழுதி வைத்துவிட்டுப் போங்கள்: இத்தனை பேர் சிக்கினால் மூலையை மாற்றுவேன், அதற்குக் குறைவாக இருந்தால் மாற்றமாட்டேன் என்று. பார்த்துவிட்டு எல்லையை முடிவு செய்தால் மனசு அதைத் தனக்குச் சாதகமாக நகர்த்திவிடும்.

#11 எதிர்க்காற்று (வியாழன், காலை 9.45)

ஐயா, எல்லையை முன்கூட்டி எழுதுவது என்பதை நான் யோசித்ததே இல்லை. எத்தனை பேர் கேட்டால் பொத்தானை மாற்றுவேன் என்று ஒரு வரி எழுதியிருந்தால் இரண்டு வருடம் மிச்சமாகியிருக்கும். தையல்முனை, செய்து பார்த்துவிட்டு வந்து எழுதுங்கள். நிஜமாகவே தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறேன்.

#12 தையல்முனை (இரண்டு வாரம் கழித்து, சனி, இரவு 11.20)

தாமதத்துக்கு மன்னிக்கவும்.

பன்னிரண்டு பேரிடம் கொடுத்தேன். நான்கு பேர் சிக்கினால் மூலையை மாற்றுவது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கட்டிங் மாஸ்டரிடம் கொடுத்துவிட்டுப் போனேன். ஒன்பது பேர் சிக்கினார்கள். எல்லோருக்கும் ஒரே இடம், இடது பக்க மேல் மூலை. ரன்னர் அங்கே வந்ததும் கட்டை விரல் நகம் வெளுக்கிற அளவுக்கு அழுத்துகிறார்கள். ஓர் அம்மா போனைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இரண்டு கையாலும் இழுத்தார். பேசாமல் நிற்பது அவ்வளவு கஷ்டம் என்று அன்றுதான் தெரிந்தது. "கொஞ்சம் மெதுவா இழுங்க" என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

பையைத் திருப்பி அனுப்பாத 117 பேரில் இருபது பேருக்கும் போன் செய்தேன். வெண்கட்டி அக்கா நல்ல தகவலையும் எழுதச் சொன்னதால்தான் செய்தேன், இல்லையென்றால் தைரியம் வந்திருக்காது. பதினான்கு பேர் உள்ளறைகளைக் கழற்றவே இல்லை. ஆனால் இருபதில் பதினாறு பேர் இன்னும் அந்தப் பையைத்தான் தினமும் எடுத்துப் போகிறார்கள். கேட்டதும் தொண்டை அடைத்துவிட்டது. எட்டு மாதமாக எனக்குத் தெரியாத செய்தி, தெரிந்துகொள்ள நான் போன்கூட எடுக்கவில்லை.

அப்புறம் தையல்காரம்மாவிடம் போனேன். மூலையில் என்ன செய்யலாம் என்று கேட்டேன். அவர் மேசை இழுப்பறையைத் திறந்து ஓர் அட்டையை எடுத்தார். வெட்டுவதற்கான அச்சு அட்டை, மூலை வளைவு மட்டும் எங்களுடையதைவிட அகலம். ஓரத்தில் பென்சிலில் தேதி போட்டிருந்தார். நான் சாம்பிள் காட்டிய வாரம். அன்று இரவே வரைந்து வெட்டி வைத்திருக்கிறார். "நீங்க கேட்டா கொடுக்கலாம்னு வச்சிருந்தேன் சார்" என்றார். மன்னிப்பு கேட்டேன்.

ஜிப் கொடுப்பவரை மாற்றிவிட்டேன். புதியவரிடம் ஐம்பது ரன்னர் வாங்கி ஓட்டிப் பார்த்தோம், மூன்றுக்கு மேல் சிக்கினால் பழையவரிடமே இருப்பது என்று முதலில் எழுதிக்கொண்டு. ஒன்றுதான் சிக்கியது. முடிவெடுக்க ஒரு மதியம் போதுமாக இருந்தது. பெரிய ஆர்டருக்கும் விலை அனுப்பிவிட்டேன், பதில் வரவில்லை. இரவில் இன்னும் பயம் வருகிறது. அச்சுமை சொன்ன நோட்டில் அதையும் தேதி போட்டு எழுதுகிறேன்.

#13 அச்சுமை (ஞாயிறு, காலை 8.10)

அண்ணா, அந்த அட்டையை நினைத்துக்கொண்டே இருக்கிறேன். எங்கள் அச்சகத்தில் யார் இழுப்பறையில் என்ன இருக்கிறதோ. நாளைக்குப் போனதும் முதல் வேலை அதுதான்.

#14 பழைய_பேரேடு (ஞாயிறு, காலை 8.45)

புது வளைவில் சாம்பிள் தைத்தாகிவிட்டதா? அந்த அம்மா என்ன சொல்கிறார்?

#15 தையல்முனை (ஞாயிறு, இரவு 7.30)

நேற்று மாலை ஒன்று தைத்து முடித்தார் ஐயா. ரன்னர் மூலையில் வழுக்கிக்கொண்டு போனது, ஒற்றை விரலால் திறந்து மூடினேன். எனக்கு ரொம்பத் திருப்தி, உடனே வெட்டச் சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன். அவர் பையை உள்ளே வெளியே திருப்பிப் பார்த்துவிட்டு, "வளைவுல லைனிங் சுருங்குது சார், ரெண்டு நாள் கொடுங்க" என்றார்.

சரி என்றேன். செவ்வாய்க்கிழமை காட்டுகிறார்.